கண்ணை மூடி யோசிப்பவர்

கண்ணை மூடி யோசிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் தூங்குவதே இல்லை. அலுவலகக் கூட்டத்தில், முடிவெட்டும் நாற்காலியில், மனைவி பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் தலை தொங்கும், வாய் திறக்கும், மரம் அறுக்கும் சத்தம் கிளம்பும், தட்டி எழுப்பினால், “யார் தூங்கினா? யோசிச்சிட்டு இருந்தேன்” என்பார்கள். அப்படி என்னதான் யோசனை? கேட்டால் கோபம் வரும்.

எனக்குத் தெரிந்த யோசனைக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையில் எழும்போதே தலைவலி, வாய் வறட்சி, எல்லோர்மீதும் எரிச்சல். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் அசதி போகாததற்குத் தலையணைதான் காரணம் என்று இதுவரை ஐந்து தலையணை மாற்றிவிட்டார்.

அவர் மனைவி சொல்வது வேறு. “குறட்டை விட்டா எனக்கு நிம்மதிங்க. திடீர்னு நிக்கும், மூச்சும் சேர்ந்து நிக்கும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். இருபது தாண்டினா விலாவில ஒரு இடி. திணறிக்கிட்டு எழுந்து, என் தூக்கத்தை ஏன் கெடுக்கறேன்னு திட்டுவார்.” ஒருநாள் அதைச் செல்போனில் பதிவு செய்து காட்டினார். இவர் முழுதும் கேட்டுவிட்டு, “உன் தம்பி குறட்டை மாதிரில்ல இருக்கு?” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, கார் கற்க வந்த தையல்கார அம்மாளிடம், “நான் சொல்ற வரைக்கும் நேராப் போங்க” என்று சொல்லிவிட்டு யோசிக்கத் தொடங்கினார். அந்த அம்மாளோ சொல் தட்டாதவர். கடைத்தெரு போனது, பாலம் போனது, எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. “சார்! சார்!” பதிலுக்குக் குறட்டை. பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. காலும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தது. அம்மாள் தன் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இவர் நெற்றியைத் தடவியபடி கண் திறந்தார்.

“நேராப் போங்கன்னுதானே சொன்னேன், ஏன் நிறுத்தினீங்க?”

ரயில் கடந்து போனது. அப்புறம்தான் கேட்டையும் தன் காலடி பிரேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று சாயங்காலமே மனைவியை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

“தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு போகுது. நீங்க ஒழுங்காத் தூங்கவே இல்லை. குணப்படுத்தலாம், ஆனா அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க” என்றார் டாக்டர்.

இவர் மனைவி பக்கம் வெற்றியோடு திரும்பினார். “கேட்டுக்கிட்டியா? நான் தூங்கறதே இல்லையாம்!”

சிரிக்கிறீர்களா? நீங்கள் குறட்டை விடுவதில்லை, தெரியும். விடுகிற யாருமே விடுவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களோடு படுப்பவர் சமீபத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு, “அங்கதான் காத்து நல்லா வருது” என்று அடுத்த அறைக்குப் போய்விட்டாரா? அப்படியென்றால், உங்கள் மூச்சு நிற்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை.