பட்டுப்போகாத நூறு கன்றுகள் தொடர்பாக

கடலூர் தென்றல் பூங்காவில் நூறு குழிகள் இருந்தன. ஆண்டுதோறும் ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, தன்னார்வலர்கள் திரண்டு வந்து அந்தக் குழிகளில் நூறு கன்றுகளை நடுவார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்தும் அனல் ஆறாத வாரம் அது. ஜூலைக்குள் கன்றுகள் ஒன்றுவிடாமல் காய்ந்துவிடும். மறு ஜூனில் அதே குழிகள், அதே தன்னார்வலர்கள், புதுக் கன்றுகள். குழி வெட்டும் வேலை மிச்சம். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் ஆறு வருடமாகப் பசுமை வளர்ந்து வந்தது.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தவர் ஜெயமேரி. மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊர் மனுக்களெல்லாம் அவர் கடை வழியாகத்தான் போகும் என்பதால், தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் ஒருநாள் அவர் தலையிலேயே வந்து விழுந்தது. சென்ற வருடம் நட்டு முடித்து எல்லோரும் வீட்டுக்குப் போன மறுநாள், அவருக்கு என்ன தோன்றியதோ, பூங்காக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். அதற்கடுத்த நாளும் விட்டார். கெட்ட பழக்கம் லேசில் போகுமா? ஐப்பசி மழையும் கைகொடுக்க, இந்த மே மாதம் நூறு புங்கங்கன்றுகளும் அவர் தோளுயரம் நின்றன. காலையில் அவற்றைப் பார்க்காவிட்டால் ஜெயமேரிக்கு அன்றைக்கு வேலையே ஓடாது.

அப்போதுதான் மாநகராட்சியின் பசுமைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. “பொருள்: சென்ற ஆண்டு நடப்பட்ட கன்றுகள் பட்டுப்போகாமை, உரிய விளக்கம் கோருதல், தொடர்பாக.”

பிரிவின் அலுவலர் செந்தமிழ்செல்வன் தங்கமான மனிதர். மேசையில் ஒரு செடிகூட வைத்திருந்தார். பிளாஸ்டிக் செடி. வாரம் ஒருமுறை அவரே துடைப்பார்.

“என்னம்மா இது, நூறும் பொழைச்சிருக்கு?”

“தண்ணி ஊத்தினேன் சார்.”

“யாரு ஊத்தச் சொன்னது? ஆர்டர்ல நடணும்னுதான போட்டிருக்கு. வர்ற அஞ்சாந்தேதி நூத்திநாப்பது வாலண்டியர் வராங்க. எங்க நடுவாங்க? ஒரு குழி காலி இல்ல.”

“குடிகாடு ஃபாக்டரிங்க பக்கம் நடலாம் சார். அங்க நெழலே இல்லன்னு ஜனங்க கேக்குறாங்க.”

“அங்க யாரும்மா வருவா? வாலண்டியருன்னா கார் நிறுத்த எடம் வேணும், டிபன் வேணும், போட்டோவுக்குப் பின்னாடி நல்ல எடமா இருக்கணும்.” அலுவலர் பேனாவைத் திறந்தார். “ஒரே வழிதான். இருக்கிறத புடுங்கிட்டுப் புதுசா நட்டுடலாம்.”

ஜெயமேரி கையை நீட்டிப் பேனாவை மறித்தார்.

“ஐயோ, நல்லா வளர்ந்து நிக்குது சார்!”

“நிக்குதும்மா. நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா ஃபாரத்துல ‘நட்டது’ன்னு கட்டம் இருக்கு, ‘பட்டது’ன்னு கட்டம் இருக்கு. நிக்கிறதுக்குக் கட்டமே கெடையாதே, நான் எங்க எழுதுவேன்?”

ஜெயமேரி பயத்தில் யோசித்தார். “அப்ப இதையே புதுசா நட்டதா எழுதிக்கங்க சார். வந்தவங்க இதுங்க பக்கத்துலயே நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்.”

“ஒசரம்? போட்டோல கன்னு மொழங்காலத் தாண்டுனா மொபைல் ஆப் ஏத்துக்காதும்மா.”

“பள்ளிக்கூடத்து டெஸ்க் போட்டு, மேல ஏறி நிக்கச் சொல்றேன் சார்.”

செந்தமிழ்செல்வன் எழுந்தே நின்றுவிட்டார். நிர்வாகம் புரிந்த ஒரு பொதுஜனத்தை அவர் சர்வீசில் பார்த்ததில்லை.

ஜூன் ஐந்தாம் தேதி விழா வெகு விமரிசையாக நடந்தது. ‘நானும் ஒரு மரம்’ என்று அச்சடித்த பச்சைப் பனியனில் நூற்று நாற்பது பேர் வந்தார்கள். டெஸ்க்குகள்மேல் பச்சைத் துணி விரித்திருந்தது. நடைப்பயிற்சி சங்கத் தலைவர் சபாபதி, இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க மேலே ஏறினார்.

“ஏம்மா ஜெயமேரி, இங்கேர்ந்து எப்படிம்மா நடுறது?”

“நட வேணாம்ணே. குனிஞ்சு கன்னப் பாத்து சிரிங்க, போதும்.”

“கையில குடுத்த இந்தப் பூவாளில தண்ணி இருக்கா?”

“இல்லண்ணே. கனம் ஜாஸ்தி ஆயிடும்.”

“நல்லதாப் போச்சு,” என்றார் சபாபதி, நிம்மதியாகச் சிரித்தபடி.

ஒரு இலைகூடக் கசங்கவில்லை. ஜெயமேரி சிலுவை போட்டுக்கொண்டார். பாக்கி ஒரு சடங்குதான். நூறு கன்று புதிதாக நட்டதாக எழுதிவிட்டதால், பழைய நூறும் செத்ததாக ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘ஆடு’ என்று எழுதினார்.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் டேப் வைத்து அளந்து வாய் பிளந்தார்கள். ஜூனில் முழங்காலுயரம் இருந்த கன்று, ஆறே மாதத்தில் எட்டடி! இதற்குக் ‘கடலூர் முறை’ என்று பெயரிடப்பட்டது. பக்கத்து ஊர் அலுவலர்களுக்கெல்லாம் அதைக் கற்றுத்தர ஏப்ரலில் சிதம்பரத்தில் பயிற்சி முகாம் கூட்டினார்கள். ஜெயமேரிதான் சிறப்பு விரிவுரையாளர். சால்வை போர்த்தினார்கள்.

மைக் முன்னால் நின்றதும் அவருக்கு மனசு உறுத்தியது. எட்டடி மரத்தை இனி யாரும் லேசில் பிடுங்க முடியாது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்தார்.

“இதுல முறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தெனம் காலைல தண்ணி ஊத்தினேன். அவ்ளோதான்.”

ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் அலுவலர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

“அது சரிங்க மேடம். எங்க பார்க்லயும் நாப்பது கன்னு எப்படியோ பொழைச்சிக்கிச்சு. ஜூன் வருது, புடுங்குறதா என்னன்னு தெரியாம முழிக்கிறோம். கடலூர்ல நீங்க போட்ட டெஸ்க் எத்தன அடி?”

சொல்லி வைத்தாற்போல் எல்லாப் பேனாக்களும் திறந்தன. அந்த நாற்பது கன்றுகளும் ஜெயமேரியின் கண்முன் வந்து நின்றன. சால்வையைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“மொத வருசம் ரெண்டரை அடி போதும். ஆனா மரம் வளரும் பாருங்க, அதனால அடுத்த வருசத்துக்கு ஏணிக்கு இப்பவே டெண்டர் விட்டு வச்சிடுங்க.”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.