சாம்பியனின் வலது தோள்

"வியாழக்கிழமை கிளம்பறோம். நாலு நாள். கடல்" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் உறிஞ்சிய தேநீர் தொண்டைக்குழியிலேயே நின்றது. கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் பேப்பர் படிக்கிறார்கள்.

"கடல்ல என்ன இருக்கு? வெறும் தண்ணி."

"பலகை மேல நின்னு அலையில வழுக்கிட்டு வருவாங்களே, அந்த ஊரு. கோடை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, கூட்டம் இருக்காது. ஞாயித்துக்கிழமை காலையில உங்களுக்கு ஒரு பலகை சொல்லி வச்சுட்டேன்."

"எனக்கா?"

"பின்ன? காலேஜ்ல நீச்சல் சாம்பியன் நீங்கதானே? இருபத்திரெண்டு வருஷமா காதால கேட்டாச்சு. ஒரு தடவை கண்ணால பாத்துடறேன்."

இங்கேதான் சிக்கல். கல்யாணம் நிச்சயமான புதிதில், பெண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் உளறிய வார்த்தை அது. அவருக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரைக்கூட ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குவளையை உள்ளே விடுவார். ஆனால் சொன்ன பொய் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. காலேஜ் சாம்பியன் மாவட்ட சாம்பியன் ஆனார். மச்சான் அவரைக் கூப்பிடுவதே "என்ன சாம்பியன்!" என்றுதான். ஆறு, ஏரி என்று எங்கே போனாலும் அவருக்கு ஒரு வியாதி தயாராக இருக்கும். ஒரு தடவை காதுவலி. ஒரு தடவை ஜலதோஷம். இன்னொரு தடவை, "சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகலையே!"

மனைவி எல்லாவற்றையும் நம்பினாள். நம்பினாள் என்று அவர் நம்பினார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே தடுமாறாமல் படிக்கிறவளுக்குப் புருஷன் முகம் அச்செழுத்து அல்லவா? இது மட்டும் ஏனோ அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஊரில் பல் தேய்க்கப் போகிறவன்கூட அக்குளில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு போனான். சுவருக்குச் சுவர் பலகை சாய்ந்திருந்தது. பால்கனிக்குப் பால்கனி ஈரத்துணி தொங்கியது. அவர்கள் தங்கிய அறையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் உப்பு ஒட்டியது, மெத்தையை உதறினால் மணல் கொட்டியது. கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த பலகை, கடையில் எழுத்து வரிசை எழுதித் தொங்கவிட்டிருக்கும் பலகை ஒன்றுதான். அதைத் தள்ளி நின்று படித்தால் போதும், ஏறி நிற்க வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் மனைவி சாப்பிட்டுப் படுத்தாள். இதுதான் சமயம் என்று அவர் நழுவினார். கடற்கரை ஓரத்தில் ஓலைக் கொட்டகை. அங்கேதான் அலையேறக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்களை நம்பி ஒரு குடும்பமே இருக்கு" என்று ஆரம்பித்து, இருபத்திரெண்டு வருஷக் கதையையும் கொட்டினார். "ஞாயித்துக்கிழமை என் வொய்ஃப் முன்னாடி, 'சார், உங்க தோள்பட்டை சரியில்ல, கடல்ல இறங்காதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மாஸ்டர் ஆச்சரியப்படவே இல்லை. "எந்தத் தோள் சார்?"

"வலது."

"சொல்லிடலாம். ஆனா கரையில நின்னு சொன்னா யார் நம்புவாங்க? நீங்க தண்ணியில இறங்கி, நாலு வீச்சு வீசி, அப்புறம் 'ஆ!'ன்னு கத்தணும். சாம்பியன் நல்லா நீந்தினாத்தானே சார் வலி வரும்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. பொய் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதில் கண்ணாடிக்காரர் எப்போதும் கண்டிப்பானவர்.

"அந்த நாலு வீச்சு..."

"நான் சொல்லித் தரேன். இப்பவே வாங்க."

முதல் நாள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார். அலை ஒன்று வந்து அவரை உட்கார வைத்தது. அடுத்தது படுக்க வைத்தது. மூன்றாவது, கரையில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. கடையில் உட்கார வேண்டியவன் கடலில் உருள்கிறேனே என்று நொந்துகொண்டே அறைக்குத் திரும்பினார். மனைவி அப்போதுதான் கண் விழித்தாள்.

"தலை ஏங்க ஈரமா இருக்கு?"

"வெயில். வேர்த்துடுச்சு."

"காதுல மணல்?"

"காத்து."

"பலமான காத்துதான்" என்றபடி துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கும் அடிக்குமா?"

அடித்தது. வெள்ளிக்கிழமையும் அவள் தூங்கினாள், இவர் உருண்டார். சனிக்கிழமைதான் அது நடந்தது. மாஸ்டர் அவர் முதுகுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "உடம்பை விடுங்க சார், அப்படியே விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கை அங்கே இல்லை. கண்ணாடிக்காரர் மிதந்தார். காது இரண்டும் தண்ணீருக்குள், மேலே வானம், எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. ஐம்பது வயதில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஓடிப்போய் மனைவியை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாதி வழியில் நின்றார். என்னவென்று சொல்வது? சாம்பியன் மிதந்துவிட்டான் என்றா? இத்தனை வருஷமும் மாட்டிக்கொள்வோமோ என்றுதான் பயந்திருந்தார். சந்தோஷத்தைக்கூடச் சொல்ல முடியாமல் போகும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கரையில் நின்றாள். ஏற்பாடு இதுதான்: பலகையைத் தள்ளிக்கொண்டு மார்பளவுத் தண்ணீர் வரை போவது, நாலு வீச்சு, ஒரு 'ஆ', திரும்பிவிடுவது. மாஸ்டரும் பக்கத்திலேயே வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல அலை வந்தது. "ஏறுங்க சார்!" என்றார் மாஸ்டர். ஏன் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. ஏறினார். முட்டி போட்டார். எழுந்து நின்றார்! ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. உலகத்தையே காலடியில் வைத்துக்கொண்டு வந்தவர் மாதிரி கரையை நோக்கி வந்தார். நாலாவது விநாடியில் பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனாலும் யாரும் தூக்கிவிடாமல், தானே கையைக் காலை வீசிக் கரை சேர்ந்தார்.

சேர்ந்த பிறகுதான் ஏற்பாடு ஞாபகம் வந்தது. சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆ!" என்று அலறினார்.

மனைவி நிதானமாகக் கிட்டே வந்தாள்.

"அது இடதுங்க. வலிக்க வேண்டியது வலது."

கண்ணாடிக்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கடலைப் பார்த்தார். அப்புறம் கொட்டகையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பிய சேர்க்கைப் படிவம். மனைவியின் கையெழுத்து. 'நீச்சல்: தெரியாது. தெரியும் என்பார். உடல் கோளாறு: இல்லை. உண்டு என்பார். குறிப்பு: தனியாக வந்து, பொய் சொல்லும்படி கேட்பார். மறுக்க வேண்டாம். அதைச் சாக்காக வைத்துக் கற்றுக்கொடுக்கவும்.'

"இந்தத் தடவையும் காதுவலின்னுதான் நெனச்சேன்" என்றாள் மனைவி. "தோள்னு மாஸ்டர் வியாழக்கிழமை சாயந்திரமே வந்து சொல்லிட்டார்."

"உனக்கு... எப்போ தெரியும்?"

"கல்யாணம் ஆன மறுநாளே. தலைக்குத் தண்ணி ஊத்தினா தெருவே கூடற மாதிரி கத்துவான்னு உங்கம்மா சொன்னாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா ஒத்துக்குவீங்க. ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சுது, கத்துக்க மாட்டீங்க. பொய்யைக் காப்பாத்தணும்னாத்தானே நீங்க உழைப்பீங்க!"

சொல்லிவிட்டுக் கூந்தலை இறுக்கி முடிந்தாள். நேராகத் தண்ணீருக்குள் போனாள். வந்த அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். நீண்ட வீச்சு, அலட்டல் இல்லாத வீச்சு. போய், வளைந்து, திரும்பி வந்தாள். கண்ணாடிக்காரருக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"நீ எப்ப கத்துக்கிட்ட?"

"ஆறு வயசுல."

"ஒரு நாள்கூடச் சொல்லலையே!"

"வீட்டுல ஒரு சாம்பியன் இருக்கும்போது நான் எதுக்கு? போன இடத்துல எல்லாம் நீங்க கரையில உக்காந்தீங்க. உங்களை விட்டுட்டு இறங்க மனசு வரல. நானும் உக்காந்துட்டேன்."

கண்ணாடிக்காரருக்குக் கண் எரிந்தது. கடல் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று, உப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பின்னால் இறங்கினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து மிதந்தார்கள். வெயில் இதமாக இருந்தது.

மனசு இளகிப்போய் அவர் சொன்னார்: "இனிமே உன்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன்."

"புதுசா ஒண்ணும் வேண்டாங்க, பழசே பாக்கி இருக்கு" என்றாள் அவள், வானத்தைப் பார்த்தபடியே. "ஹாஸ்டல்ல தனியாளா நாப்பது பேருக்குச் சமைச்சிருக்கேன்னு சொன்னீங்களே, நாளைக்குச் சாயந்திரம் வீட்டுக்குச் சமையல் மாஸ்டர் வரார்."