டீக்கடைக்காக இந்துமதி தொடுத்த போர்

முத்தீன்ற கடல் முழங்கும் தூத்துக்குடித் துறைமுகத்தைக் கணினித் திரைக்குள் அடக்க வந்தவளும், ஏரல் ஊர் பெற்றெடுத்த ஏந்திழையும், விசைப்பலகையே வில்லாகவும் விரல்களே அம்பாகவும் ஏந்திய வீராங்கனையுமாகிய இந்துமதியின் புகழைப் பாடுகிறோம். உப்புக்காற்றே, சற்று ஓய்ந்து கேள்!

துறைமுக வாசலில் லாரி வரிசை ஏன் நகரவில்லை என்று கணினியில் ஓட்டிப் பார்க்க, ஒரு சரக்கு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் அவள் மாய உலகொன்றைச் சமைத்தாள். எது எதன் வகை என்று கணினிக்குக் கற்பிக்கும் ஆன்டாலஜி என்னும் மரத்தை இணையத்திலிருந்து இறக்கினாள். அந்நிய நாட்டார் நட்ட அம்மரத்தில் கப்பல் இருந்தது, கிரேன் இருந்தது, டீசல் பங்க்கும் இருந்தது. அந்தோ, டீக்கடை இல்லை! அஃதின்றி இவ்வூரில் வரிசை ஏது? முன்னால் நிற்கும் டிரைவர் டீக்கு இறங்கினால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதில்லை. அவரும் இறங்கிவிடுவார்.

"டீயில்லா உலகை இனி இயக்கேன்! மேலாளர் ஏற்காவிடில் இவ்வேலையும் வேண்டேன்!" என்று சூளுரைத்து, டீக்கடையை 'எரிபொருள் நிலையம்' என்ற கிளையில் ஏற்றினாள். சீறி எழுந்தான் காயல்பட்டினத்துக் காளை, அவளுடைய கல்லூரித் தோழன், பக்கத்து நாற்காலி வேந்தன் ஃபைசல்.

"ஏளா இந்து, டீக்கடையும் டீசல் பங்க்கும் ஒண்ணா? தாமதம்ங்கற கிளையில போடு."

"டீ குடிக்காம எந்த லாரி இங்கன நகருதுலே?"

மவுஸ் பறிபோயிற்று, மீட்கப்பட்டது. டீக்கடை கிளைவிட்டுக் கிளை தாவியது. நாற்காலிகள் தேரென மோதின. ஃபைசல் லுஹர் தொழுகைக்கு எழுந்துபோன இடைவெளியில் இந்துமதி வெற்றிக்கொடி நாட்டிவிட்டாள்.

ஆனால் அம்மரத்தின் வேரில் ஒரு விதி உறங்கிக் கிடந்தது: எரிபொருள் நிலையத்துக்குப் போவது எதுவோ, அது வாகனம். அலுவலகத்தார் டீக்குப் போகும் வழக்கத்தையும் உண்மை குன்றாதிருக்க அவள் சேர்த்திருந்தாளே! மேலாளர் கிருபாகரனும் தொழுது திரும்பிய ஃபைசலும் காணத் திரை விரிந்தது. டீ குடிப்போர் அனைவரும் வாகனமே என்று கணினி தீர்ப்பளித்தது. கிருபாகரன் என்ற பெயர் உப்பு லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றது, ஊர்ந்தது, எடைமேடை ஏறியது, தலையில் ஒரு கண்டெய்னரைச் சுமந்து கப்பலை நோக்கி உருண்டது. வேலை போயிற்று என்றே இந்துமதி நினைத்தாள்.

"ஏம்மா, நான் எதுக்கு உப்பு லாரிக்குப் பின்னால நிக்கேன்?"

அவர் சன்னலைப் பார்த்தார்; வெளியே வரிசை உப்பளம்வரை நீண்டிருந்தது. திரையைப் பார்த்தார்; அங்கும் உப்பளம்வரை நீண்டிருந்தது. டீக்கடை இல்லாமல் முன்பு ஓட்டிப் பார்த்த எதிலும் வரிசை துறைமுக வாசலைத் தாண்டியதேயில்லை.

"வரிச சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பா நிக்கேன். டீக்கடை இருக்கட்டும், என்னய மட்டும் எறக்கி விட்டுரு."

மணி நாலாகியிருந்ததால் மூவரும் டீ குடிக்கப் போனார்கள்.