மூன்று குச்சி குத்திய அவகாடோக் கொட்டை

திருகோணமலை,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

அன்புள்ள அக்கா திரேசம்மாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் மனுசி தயாளினியும் சுகம். நீங்களும் அத்தானும் பண்டாரவளைக் குளிரில் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். மன்றாடியாகிவிட்டது, இனிச் சண்டைக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய அவகாடோவைச் சீனி போட்டுப் பிசைந்து தின்றோம். அத்தோடு விட்டிருக்கலாம். "தம்பி, கொட்டையை எறிஞ்சுபோடாதே, மூண்டு பல்லுக்குச்சியைக் குத்தித் தண்ணிக் கிளாசிலை நிப்பாட்டு, முளைக்கும்" என்று சொன்னது நீங்கள்தானே? கேட்டேன். கழுவினேன். தட்டைப் பக்கம் கீழே, கூர்ப் பக்கம் மேலே. எங்கள் கிணறு உவர், இலை நுனி கருகும் என்றீர்கள், மழைத் தண்ணீர் பிடித்து மாற்றி மாற்றி ஊற்றினேன். இந்த வீட்டில் எனக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு இல்லை. வெளிச்சம் படட்டும் என்று குசினி ஜன்னலில் வைத்தேன். அந்த ஜன்னல் பக்கத்து வீட்டுச் சவிரிமுத்துவின் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அவர்தான் இப்போது கோயில் திருநாள் குழுத் தலைவர்.

அந்தக் கிழமை பார்த்து அவர் மகள் நிலுஷாவுக்குப் பேசிய கலியாணம் குழம்பிவிட்டது. கப்பல்துறை ஊர் மாப்பிள்ளை வீட்டார் சரிவராது என்றுவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? சவிரிமுத்துவின் மனுசி எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கிறா. உருண்டையாக ஒரு சாமான், சுற்றிவரக் குச்சி குத்தி, தண்ணீரில் அரைவாசி அமிழ்ந்து, அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு! "ஐயோ, லெஸ்லி எங்கடை பிள்ளைக்குச் சூனியம் வச்சிட்டான்!" என்று கத்திய கத்தல் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். இது கொட்டை, மரம் வரும் என்றேன். "மரம் எண்டா நிலத்திலை நடுவினம், கிளாசிலை ஆர் நட்டது? ஊசிக்குப் பதிலாக் குச்சி குத்தினா எங்களுக்கு விளங்காதோ?" என்கிறா. அடுத்த நாள் விடிய எங்கள் மதிலில் ஊசி குத்திய தேசிக்காய்! எதிர்ச் சூனியமாம். கத்தோலிக்கர் அக்கா நாங்கள், கத்தோலிக்கர்! தயாளினி ஊசியைப் பிடுங்கித் தையல் பெட்டியில் வைத்தாள், தேசிக்காயைச் சம்பலுக்குப் பிழிந்தாள்.

போன ஞாயிறு பங்குச்சுவாமியும் "சில வீடுகளில் இருளின் செயல்கள்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் வைத்தார். கோயில் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அதையும் பொறுத்தேன். ஆனால் நேற்று அந்தச் சவிரிமுத்து வாசலில் வந்து நின்று, "இந்தமுறை மாதா சொரூபத்துக்கு நீங்கள் தோள் குடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போகிறான். முன்பக்கம், வலது கை, அப்பா தூக்கின இடம் அக்கா அது! துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலத்திலும் லீவு போட்டு வந்து தூக்கினனான், காய்ச்சலோடையும் தூக்கினனான். ஒரு கொட்டையைச் சாட்டி என்னை மாதாவிட்டை இருந்து பிரிச்சுப்போட்டாங்கள்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் சுவாமிக்குப் போன் எடுத்து, குச்சி குத்தச் சொன்னது நீங்கள்தான் எண்டு சொல்லவேணும். திருநாளுக்கு முன்னம் சொல்லவேணும். சொல்லாட்டி நான் உங்கட தம்பியில்லை. இனிப் பழம் அனுப்புவதென்றால் கொட்டையை எடுத்துவிட்டு அனுப்புங்கள். இந்தக் கிளாசை இண்டைக்கே கொண்டுபோய்க் கடலிலை எறியப்போறன்.

அத்தானுக்கு என் அன்பு. மாதா உங்களைக் காப்பாளாக, என்னையும் இந்தச் சனத்திடமிருந்து காப்பாளாக.

மனம் நொந்த தம்பி,
லெஸ்லி

பி.கு.: சுவாமிக்குப் போன் எடுக்கவேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் சவிரிமுத்து பின்வாசலால் வந்தார். "லெஸ்லி, உங்கடை சாமானிலை நல்ல வலு இருக்கு. அந்தக் கப்பல்துறைப் பெடியன்ட வீட்டுப் பக்கமும் ஒண்டைத் திருப்பி வச்சுவிடுங்கோவன்" என்கிறார். அது வெறும் கொட்டை என்றேன். "ஓம் ஓம், கொட்டைதான்" என்று கண்ணைச் சிமிட்டினார். சொரூபத்தின் முன்பக்கம் எனக்குத்தானாம். இங்கே கிளாசில் இருக்கிற கொட்டை பிளந்து வேர் விட்டுவிட்டது, அதை ஒருத்தருக்கும் தரமாட்டேன். நீங்கள் நல்ல பெரிய கொட்டையாகப் பார்த்து இன்னும் இரண்டு அனுப்புங்கோ. குச்சி என்னட்டை இருக்கு.