மீதிக் கேள்வி

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதன்பின் நெடுங்காலம் உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியாகப் பஸ்ஸரைக் கண்டுபிடித்தது. அதுவரை அறிவு என்பது யார் தலைக்குள்ளோ சத்தமில்லாமல் முடங்கிக் கிடந்தது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் ஊரைக் கூட்டுகிறது. அந்தச் சத்தத்தை எங்கள் பள்ளியில் வளர்த்து ஆளாக்கியவன் அடியேன்.

பார்வைக்கு நான் சாதாரணப் புவியியல் ஆசிரியன்தான். ஆனால் பள்ளிகளுக்கிடையிலான வினாடி வினாப் போட்டியில் எங்கள் அணி ஒருமுறை தவறிப்போய் மூன்றாம் இடம் வாங்கிவிட்டது. இனி என்னைச் சாதாரணமாக வைத்திருப்பது நல்லதல்ல என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். என் வகுப்புகள் வேறு ஆசிரியர்கள் தலையில் கட்டப்பட்டன. பந்துகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து, 'அனைத்துப் பாட அறிவுத்திறன் மேம்பாட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். பலகை கதவைவிட அகலம். பந்துகள் மாடிப்படிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன.

மையத்தின் கொள்கை ஒன்றுதான்: கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல யாரால்தான் முடியாது?

"ஒருவனிடம் ஒரு புலி, ஒரு ஆடு..." என்று நான் ஆரம்பிப்பேன். புல்லுக்கட்டு வாயிலிருந்து வருவதற்குள் பஸ்ஸர் அலறும்.

"முதல்ல ஆட்ட அக்கரைக்குக் கொண்டு போகணும் சார்."

"சபாஷ். ஒரு ரயில்..."

"அறுபது கிலோமீட்டர் சார்."

இவன்தான் எங்கள் அணியின் நட்சத்திரம். மின்னல் என்று நானே பட்டம் கொடுத்திருந்தேன். கணக்கு, அறிவியல், வரலாறு, இலக்கணம் எதுவானாலும் மூன்றாவது சொல்லைத் தாண்டவிட மாட்டான். ஒருநாள் நான் தொண்டையைக் கனைத்ததற்கே 'ஆக்சிஜன்' என்றான். பாதிக்குமேல் தப்பாகத்தான் சொல்வான். ஆனால் என்ன வேகம்.

என் மகளும் அதே மையத்தில்தான் படித்தாள். அவளைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் பதில் சொல்லி முடித்தபின் மெதுவாகக் கையைத் தூக்குவாள்.

"மீதி கேள்வி என்ன சார்?" பள்ளியில் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு.

"மீதி எதுக்கு? அதான் பதில் வந்துருச்சே."

"அந்த ரயில் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

பிள்ளைகள் அவளுக்கு 'மீதி' என்று பெயர் வைத்தார்கள். நான் 'கற்றல் வேகக் குறைபாடு' என்று பெயர் வைத்தேன். ஆசிரியன் அல்லவா, கொஞ்சம் நீளமாகத்தான் வைப்பேன்.

இந்தக் கொள்கையைப் பள்ளியோடு நிறுத்திக்கொள்ளும் சுயநலம் எனக்கில்லை. வீட்டிலும் நடைமுறைப்படுத்தினேன்.

"என்னங்க, அந்தக் குழாய்..." என்பாள் மனைவி.

"மூடிட்டேன்."

"குழாய் ரிப்பேர்காரர் வாசல்ல ரொம்ப நேரமா நிக்கிறாரு, கதவத் திறந்து விடுங்கன்னு சொல்ல வந்தேன்."

மகளும் இரவுச் சாப்பாட்டில் "அப்பா, எனக்கு ஒரு..." என்று தொடங்குவாள். "வாங்கித் தரேன்" என்பேன். என்ன வாங்கித் தருவதாகச் சொன்னேன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படி எங்கள் வீட்டில் ஏராளமான நேரம் மிச்சமானது.

இந்த ஆண்டு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், பந்தெல்லாம் படிக்கட்டுக்கடியில நனைஞ்சு வீணாப் போகுது. இந்தத் தடவை கோப்பை வந்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா பந்துக்கு."

இறுதிப் போட்டிக்குத் தேர்வானோம். மின்னலுக்குத் துணையாக இருந்த மாணவனுக்குக் காய்ச்சல் வந்து தொலைத்தது. மற்றவர்களுக்கெல்லாம் பரீட்சை. மிஞ்சியவள் என் மகள்தான்.

"அப்பா, நாளைக்கு மேடையில நான்..." என்றாள் முதல்நாள்.

"பயப்படாதே" என்றேன்.

அவள் பயப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. போட்டியை நடத்துபவர், கண்ணாடி போட்ட நிதானமான மனிதர், விதிகளை வாசித்தார். தெரியாவிட்டால் 'பாஸ்' சொல்லலாம், கேள்வி அடுத்த அணிக்குப் போகும். பார்வையாளர் யாராவது விடை சொன்னால், அவர் சார்ந்த அணி நீக்கப்படும். இந்த இரண்டாவது விதி, போன ஆண்டு எதிரணிப் பெற்றோர் ஒருவர் சந்தேகத்துக்கிடமாக இருமியதைச் சுட்டிக்காட்டி நானே மனுப் போட்டு வாங்கியது.

மின்னல் வெட்டினான். சரியாகப் பாதி, தவறாகப் பாதி. அவன் இழந்த புள்ளிகளை என் மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாள். இரண்டு அணியும் சமம். கடைசிக் கேள்விக்கு, முறைப்படி, பஸ்ஸர் அவள் கையில்.

"சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள்..." என்றார் நடத்துபவர்.

என் மகள் கன்னத்தில் கைவைத்து, கதை கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். எதிரணிப் பையனின் விரல் பொத்தானை நோக்கி நகர்ந்தது. என் கண்முன்னே பந்துகள் வரிசையாக உருண்டு மையத்துக்குள் நுழைந்தன.

"புதன்" என்று ஒரு குரல் அரங்கத்தைக் கிழித்தது. நல்ல கணீர்க் குரல். என்னுடையதுதான்.

நடத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கேள்விய முடிச்சுக்கறேன் சார். சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் புதன். அப்படியிருந்தும், அதைவிட வெப்பமான கோள் ஒன்று இருக்கிறது. அது எது?"

விதிப்படி எங்கள் அணி நீக்கப்பட்டது. கோப்பை எதிரணிக்கு. இருந்தாலும் அந்த மனிதர் என் மகளைப் பார்த்துக் கேட்டார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"வெள்ளி சார். அங்க காத்து கம்பளி மாதிரி மூடியிருக்கு. சூடு வெளியே போகாது."

"நல்லா சொன்னே. எப்படி இவ்வளவு நிதானமா இருந்தே?"

"நீங்க முழுசா சொல்லுவீங்கன்னு தெரியும் சார்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைமையாசிரியை மட்டும் தட்டவில்லை. பந்துகளின் அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

நானும் மகளும் நடந்தே வீடு திரும்பினோம். எனக்கு அவமானம். அதைவிட, அவள் கையிலிருந்ததை நானே தட்டிவிட்டேனே என்ற வருத்தம்.

"அப்பா, நான் ஒண்ணு..."

"மன்னிச்சிரும்மா."

"அது இல்லப்பா. கேக்க விடுங்க."

வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாழ்நாளிலேயே கடினமான போட்டி அதுதான். அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக, கடைசிச் சொல்வரை கேட்டாள்.

"இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட கேட்டதுல, ஏதாவது ஒரு கேள்வியாவது உங்களுக்கு முழுசா ஞாபகம் இருக்காப்பா?"

அறிவியல், வரலாறு, கணக்கு, இலக்கணம் என்று எல்லாப் பாடங்களிலும் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. ஆனால் விதி தெரிந்தவன் நான்.

"பாஸ்" என்றேன்.

"அடுத்த டீம் கிடையாதுப்பா" என்றாள் மகள். "எனக்கு இருக்கிற அப்பா நீங்க மட்டும்தான்."