டிம் போடாத மூத்த மாப்பிள்ளை எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மூத்த மகளும் பேத்திகள் இருவரும் சௌக்கியம். நானும் உடம்பளவில் சௌக்கியம்தான். தங்கள் வலது மணிக்கட்டு வீக்கம் வடிந்திருக்கும், அத்தையும் நிம்மதியாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த மணிக்கட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் தாங்கள் "சொல்லுங்க மாப்ளே" என்றதும் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன் மாமா. நாலு மாதத்துக்கு முன்னால் என் சகலை, அதாவது தங்கள் இளைய மாப்பிள்ளை, தன்னுடைய புதுக் காரில் நம் எல்லோரையும் அவர் வீட்டிலிருந்து கூட்டிவந்தாரே, அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. தாங்கள் முன் சீட்டில் இருந்தீர்கள். நான் பின்னால், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நடுவில், மடியில் ஒரு தையல் மெஷினின் தலைப்பாகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் அவர் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டார். எதிரே தூரத்தில் வண்டி தெரிந்ததும் டிம் செய்தார். அது கடந்ததும் மறுபடி பிரைட். முன்னால் ஒரு மொபெட் போனது, அதன் பின்னால் போகிறவரைக்கும் டிம்மிலேயே போனார். கடைத்தெரு விளக்குகள் வந்ததும் பிரைட்டைத் தொடவே இல்லை. இதில் என்ன இருக்கிறது, எல்லோரும் செய்ய வேண்டியதுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தாங்கள் சொன்னீர்கள்: "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். எதிர்ல வர்றவன் கண்ணை இப்படி மதிச்சு ஓட்டுற ஆளை இப்பத்தான் மாப்ளே பாக்குறேன்."

மாமா, நான் தங்களுக்கு மாப்பிள்ளையாகிப் பதினொரு வருடம் ஆகிறது. அவர் ஆகி மூன்று வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் தங்களை எத்தனை முறை என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். அத்தனை பயணத்திலும் என் ஓட்டுதலைப் பற்றித் தாங்கள் சொன்ன ஒரே வார்த்தை, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சா?" என்பதுதான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சகலைக்குப் போன் செய்தேன். "தம்பி, உங்க வண்டியில லைட்டு தானாவே டிம் ஆகுமோ?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் புகழ் காருக்குப் போய்விடும், நானும் சமாதானமாகிவிடுவேன். அவர், "இல்லண்ணே, கையாலதான். கொஞ்சம் கவனமா இருந்தாப் போதும்" என்றார். அந்த அடக்கம் இருக்கிறதே, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, கவனம்தானே என்று நானும் இறங்கினேன். அடுத்த தடவை தாங்கள் என் வண்டியில் ஏறினபோது, எதிரில் கார் வந்தாலும் டிம், சைக்கிள் வந்தாலும் டிம், ஒரு வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்ததற்கும் டிம், ஒரு மாடு திரும்பிப் பார்த்ததற்கும் டிம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் தங்கள் முகத்தைப் பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது தாங்கள் சொன்னீர்கள்: "மாப்ளே, லைட்டு விட்டு விட்டு எரியுது. ஒயரிங் லூஸா இருக்கும், ஒருதரம் காட்டிருங்க."

காட்டினேன் மாமா. ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போய், "ஒயரிங் நல்லாத்தான் இருக்கு, இருக்கிறதுலயே பெரிய வெளிச்சமா ரெண்டு லைட்டு மாட்டுங்க" என்றேன். மரியாதையில் ஜெயிக்க முடியவில்லை, வெளிச்சத்திலாவது ஜெயிப்போம் என்று தோன்றியது. அந்த மனிதர் நல்லவர். "சார், இது சட்டப்படி போடக்கூடாத பவரு. எதிர்ல வர்றவருக்கு ரோடே தெரியாது. நீங்க மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். கண் கூசினால் பார்வை திரும்பச் சில வினாடி ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாகும், அந்த நேரத்தில் எதிர் விளக்கைப் பார்க்காமல் நம் பக்கத்து ஓரக்கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொடுத்துக்கொண்டே சொல்கிறவன் நான். "மாட்டுங்க" என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக மாட்டினார்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். ஏழரை மணி இருக்கும். ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு ஏரிக்கரைச் சாலையில் தனியாக வந்துகொண்டிருந்தேன். புது லைட்டில் தூரத்து மரத்து இலையெல்லாம் தெரிந்தது. எதிரில் ஒரு கார். அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது அதன் இரண்டு விளக்குகள் மட்டும்தான். அது ஒரு தடவை டிம் பிரைட் என்று சிமிட்டிக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டது. கோபமில்லாமல், நிதானமாக, கதவைத் தட்டிக் கேட்பது போல. இவ்வளவு நாசூக்காகக் கேட்கிறவர் நம் குடும்பத்தில் ஒரே ஆள்தான், சகலைதான் வருகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இன்றைக்கு நீர் யார் வெளிச்சத்தைப் பார்க்கிறீர் பார்ப்போம் என்று, டிம் போடுகிற குச்சியின் மேல் விரலை வைத்துக்கொண்டே, போடாமல் வந்தேன். விரல் அங்கேதான் இருந்தது மாமா. அரை அங்குலம் அசைத்திருந்தால் போதும்.

அந்தக் கார் ஓரமாக விலகியது. நான் கடந்தேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது அதன் பின் விளக்கு இரண்டும் சாலைக்கு வெளியே சாய்வாக நின்றன. தோற்றுப்போய் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில்தான் அத்தையின் போன் வந்தது. எப்போதாவது எடுக்கும் தங்கள் பழைய காரில் அத்தைக்கு மாத்திரை வாங்கப் போன தாங்கள், திரும்புகிற வழியில் எவனோ ஒருவன் அடித்த வெளிச்சத்தில் கண் தெரியாமல் மணல் குவியலில் காரை ஏற்றிவிட்டீர்கள் என்று. நான் ஆரஞ்சுப் பையோடு வந்தேன், நினைவிருக்கும். கையில் கட்டோடு உட்கார்ந்து, தாங்கள் என்னிடமே சொன்னீர்கள்: "ரெண்டு தடவை கேட்டேன் மாப்ளே. குடுக்கல. மணல் கிடந்துச்சு, நான் பொழைச்சேன். ஆனா பத்தடி முன்னால ஒரு பொண்ணு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டிருந்துச்சு. அதை நான் பார்க்கவே இல்ல, வண்டி நின்ன பிறகுதான் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்துல யார் மேலயும் ஏத்துனதில்ல. அந்த ஒரு நாளை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். ஆறு பழத்தையும் உரித்துவிட்டேன். அத்தைகூட, "யாருக்குப்பா இத்தனை?" என்று கேட்டார்கள்.

மாமா, அந்த எவனோ ஒருவன் நான்தான்.

அதற்குப் பிறகுதான் தங்கள் கண்ணைச் சோதித்தார்கள், புரை இருக்கிறது என்றார்கள். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். சோதனைக்குக் கூட்டிப்போனதும் சகலை. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகப் போவதும் சகலை. கண்ணைத் தொழிலாக வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டில் இருக்க, தண்ணீர்ப் பம்பு விற்கிறவர் கூட்டிக்கொண்டு போகிறார் என்று வேறு சமயமாக இருந்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது எந்த வாயால் கேட்பது?

அந்த லைட் இரண்டையும் மறுநாளே கழற்றிவிட்டேன். தங்கள் மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்கப்பாவுக்கு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது எதிரில் யார் வந்தாலும் டிம் போடுகிறேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. சகலை மேல் எனக்கு இருந்த பொறாமையெல்லாம் அந்த மணலோடு போய்விட்டது. அவர் தங்கமான மனிதர். தாங்கள் வியாழக்கிழமை அவர் வண்டியிலேயே, முன் சீட்டிலேயே, நிம்மதியாகப் போய்வாருங்கள். மனப்பூர்வமாகச் சொல்கிறேன். பொறாமை என்ற வார்த்தைக்கே இனி நம் குடும்பத்தில் வேலை இல்லை.

என்னை மன்னிப்பதும் தண்டிப்பதும் தங்கள் விருப்பம். எது செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் கண் நன்றாகத் தெளிந்து, பேத்திகளின் கையெழுத்தை அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து குறை சொல்லும் நாள் சீக்கிரம் வர வேண்டும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கள் மகள் தங்கையோடு போனில் பேசிவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னாள். விஷயத்தை இவள் முன்பே தங்கையிடம் சொல்லி, அது சகலை காதுக்குப் போய், நேற்று அவர் தங்களிடம் வந்து, "அன்னைக்கு எதிர்ல வந்தது நான்தான் மாமா, கவனிக்காம பிரைட்லயே வந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொன்னாராமே. அண்ணன் மானம் போகக்கூடாது என்று வீட்டில் தங்கையிடம் சொன்னாராம். தாங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பை ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும் மாப்ளே" என்று கண் கலங்கினீர்களாமே. மாமா, மேலே நான் எழுதியதில் நடந்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும். தங்கமான மனிதர் என்று எழுதியிருக்கும் வரியை முதலில் அடிக்கவும். செய்தது நான். இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தது நான். இதைக்கூட அவர் எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் எப்படி? தாங்கள் திட்ட வேண்டியதை எனக்கே, முழுசாக, என் பெயருக்கே திட்டவும். வியாழக்கிழமை அவர் ஏழு மணிக்கு வருவதாகக் கேள்வி. ஐந்தரைக்கே வாசலில் நான் நிற்பேன். டிம்மில்தான் வருவேன்.