மெய்த்துண்டின் வாக்குமூலம்

ஓர் அங்குலம்கூட நகராத சைக்கிளை ஓட்டுவதற்கு ஊரே திரண்டு வந்தது. மரச்சாமான் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்த உடற்பயிற்சிக் கூடம். உடம்பை வருத்தி வியர்க்க வந்தவர்கள், படியேறினால் வியர்த்துவிடுமே என்று லிஃப்டுக்கு வரிசையில் நின்றார்கள்.

கூட்டம் சைக்கிளுக்காக வரவில்லை. அங்கே வகுப்பு எடுத்தவருக்காக வந்தது. சீடர்கள் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். கீழே நாற்காலிக்கு மெருகு போடுகிறவர்கள் 'பெடலானந்தர்' என்றார்கள். மெருகு போடுகிறவர்களுக்கு மெருகைப் பார்த்தால் தெரியும் போலிருக்கிறது.

என்ன உடுத்த வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்பதிலிருந்து அவருடைய போதனை தொடங்கும்.

"கறுப்புச் சட்டை போடாதீங்க. வியர்வை வெளிய வரக் கூச்சப்படும். ஷூ ஒரு அளவு சின்னதா இருக்கணும், அப்பத்தான் கால்ல தேங்கின ரத்தம் மேல ஏறும். வீட்டுத் தண்ணி வேண்டவே வேண்டாம். வீட்டுச் சண்டையெல்லாம் அதுல கரைஞ்சிருக்கும்."

சின்ன ஷூவும் சண்டை கரையாத தண்ணீரும் வாசல் மேசையிலேயே விற்பனைக்கு இருந்தன. தற்செயல்தான், பாவம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் துண்டு. அதன் பெயர் மெய்த்துண்டு. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. ஒரு சொல்லில் இரண்டு வியாபாரம். வகுப்பு முடிந்ததும் அதில் முகத்தைத் துடைத்தால் சிவப்பாக ஒரு திட்டு விழும். பெடலானந்தர் திட்டைப் பார்த்து நோயைச் சொல்வார். வட்டமாக விழுந்தால் சர்க்கரை. நீளமாக விழுந்தால் ரத்தக் கொதிப்பு. ஓரம் கலைந்திருந்தால் மாமியார்மேல் தீராத கோபம்.

துண்டுக்கு இரண்டு விதிகள் உண்டு. உறையைக் கூடத்துக்குள்தான் பிரிக்க வேண்டும். பிரித்த துண்டில் தண்ணீர் மட்டும் படவே கூடாது. "பட்டா துண்டோட கண்ணு அவிஞ்சிடும்" என்றார் பெடலானந்தர். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் துண்டின் கண் அவிந்துவிடக் கூடாதே என்று தங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வக்கீலும் இருந்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவனை மூன்றே கேள்வியில் வியர்க்க வைப்பவர். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. துண்டில் வட்டம் விழுந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அவருடைய மனைவி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் மற்றவர்கள் தாங்களாகவே குற்றங்களை ஒப்புக்கொள்ளத் தொடங்குவார்கள். ஒரு நாள் காலை வக்கீல் சின்ன ஷூவைக் கழற்றியபோது அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. வாரக்கணக்கில் ஆறாத புண். சுற்றிலும் தோல் கறுத்து, லேசாக நாற்றம் வீசியது.

"அப்படிப் பாக்காதம்மா. கெட்டது வெளிய போகுதுன்னு மாஸ்டர் சொல்லிட்டார்."

அவள் கண் புண்ணை விட்டு நகரவில்லை.

"மாத்திரை போட்டா வெளிய வர்ற சர்க்கரை வழி தெரியாம உள்ளயே திரும்பிடுமாம். நான் என்ன பண்றது?"

அவள் அவருடைய பழைய மெய்த்துண்டை எடுத்துப் போய்ச் சமையலறை ஜன்னலில் விரித்தாள். எறும்புகள் சாரி சாரியாகப் போகும் வழி அது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் துணுக்கையும் வைத்தாள். எறும்புகள் துண்டின் மேலேறி, சிவப்பு வட்டத்தின் நடுவே நடந்து, பிஸ்கட்டைப் போய் மொய்த்தன.

"பாத்தீங்களா? உங்க உடம்புச் சர்க்கரை மொத்தமும் இதுல இறங்கியிருக்காம். ஒரு எறும்புகூட நின்னு பாக்கல."

"எறும்புக்கு என்னடி தெரியும்?"

"சர்க்கரையைப் பத்தி மாஸ்டரைவிட நல்லாத் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்றார் வக்கீல். வாய்தா வாங்குவது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

அன்று முழுக்க அவள் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் அந்தக் குதிகாலிலேயே நின்றது. இன்னும் எத்தனை ஞாயிறுகளுக்கு அந்தக் கால் பொறுக்கும்? எந்த எழுத்தாளராவது 'இந்த வரியில் மட்டும் கை வைக்காதீங்க' என்று சொன்னால், அவள் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பாள். பிழை அங்கேதான் இருக்கும். துண்டில் தண்ணீர் படக் கூடாதாம். ஏன் படக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை அவளும் வகுப்புக்குப் போனாள், படியேறி. தொளதொளச் சட்டையும் பழைய ஷூவும் போட்டிருந்தாள். மேசையில் இருந்த பெண் ஏற இறங்கப் பார்த்து, "இந்த டிரெஸ்ல உங்களுக்குப் பலன் குறைவாத்தான் இருக்கும்க்கா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே உறையைக் கிழித்துத் துண்டைக் கொடுத்தாள். அவளுக்குக் கடைசி வரிசை, மூலைச் சைக்கிள் கிடைத்தது.

"கண்ணை மூடுங்க! மிதிங்க! கெட்டதைப் பின்னால தள்ளுங்க!" என்று கத்தினார் பெடலானந்தர். எல்லாரும் கண்ணை மூடி மிதித்தார்கள். கூடமே உறுமியது. தலைக்கு மேலே ஏ.சி. ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது; அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆள் கையை நீட்டித் துண்டில் சில சொட்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து துண்டு வாசிப்பு தொடங்கியது. அவளுடைய துண்டைப் பெடலானந்தர் இரண்டு கையாலும் ஏந்தி, உச்சுக் கொட்டினார்.

"ஐயையோ! வட்டம். சர்க்கரை ரொம்ப வருஷமா உள்ள உட்கார்ந்திருக்கு. கல்லீரல் களைச்சுப் போச்சு. மனசுல யாரையோ இன்னும் மன்னிக்கல. நல்லவேளை, சரியான நேரத்துல வந்தீங்க."

முன்வரிசையில் இருந்த வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். அவருடைய துண்டுக்கு வாசித்ததும் இதேதான். ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

"இது என் வியர்வை இல்லைங்க" என்றாள் அவள்.

"பின்னே யாரோடது?"

"இங்க மூலையில இருக்கறவரோடது. பேசமாட்டார், பெருமூச்சு மட்டும் விடுவார். ரொம்பக் குளிர்ந்த சுபாவம்."

பெடலானந்தர் மூலையைப் பார்த்துக் கருணையோடு கையை நீட்டினார். "கூச்சப்படாம எழுந்து வாங்க ஐயா."

"வர முடியாதுங்க. செவுத்துல திருகி வச்சிருக்கு."

எல்லாத் தலைகளும் ஏ.சி.யை நோக்கி உயர்ந்தன. அது ஒரு சொட்டு விட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெடலானந்தர் லேசுப்பட்டவரா? "அதேதான்! நம்ம எல்லார் வியர்வையும் ஆவியாப் போய் அங்கதானே சேருது! நம்ம பாவத்தை அது சுமக்குது!" என்றார். "ஆமாமா" என்றது கூட்டம். ஓர் அம்மாள் ஏ.சி.யைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

பிழை திருத்துகிறவள் பதில் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தின் மூலையில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை வக்கீல் அறிவார். அதற்குமேல் உட்கார முடியாமல் எழுந்து, காலை விந்திக்கொண்டே மேசைக்குப் போனார். மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டிலையும் புதுத் துண்டு ஒன்றையும் எடுத்தார்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. இந்தத் தண்ணியில யாரோட வியர்வையும் இல்லையே?"

"சத்தியமா இல்ல! சுத்தமான..."

"சர்க்கரை, சண்டை, பாவம்?"

"ஒண்ணுமே கிடையாது! எதுக்குக் கேக்கறீங்க? சார், சார், தண்ணி ஊத்தாதீங்க! கண்ணு..."

அவர் ஊற்றினார். பளிச்சென்று சிவப்பு. அழகான வட்டம்.

"அப்போ தண்ணிக்குச் சர்க்கரை வியாதியா, இல்ல துண்டு பொய்ச் சாட்சியா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

பெடலானந்தர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். அதற்குள் மற்றவர்கள் மேசையில் இருந்த புதுத் துண்டுகளை எடுத்து நனைத்தார்கள். எல்லாத் துண்டும் சிவந்தது. தண்ணீர் பட்டால் சிவக்கிற ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைத் தடவியிருந்தார்கள்; உதறினால் தும்மல் வந்தது. கூட்டம் நெருங்கிச் சூழ்ந்தது. தப்பித்து ஓட அவரைச் சுற்றி முப்பது சைக்கிள்கள் இருந்தன. என்ன பயன்? ஒன்றுகூட நகராது.

"அப்போ இந்தத் துண்டை வச்சு நாங்க என்னதான் பண்றது?" என்று அழாக்குறையாகக் கேட்டாள், ஏ.சி.க்காகக் கண் கலங்கிய அம்மாள்.

"நல்லாத் தோய்ச்சுட்டு வியர்வையைத் துடைங்க" என்றாள் பிழை திருத்துகிறவள்.

வக்கீல் சின்ன ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். யார் சொல்லி மாத்திரையை நிறுத்தினீங்க?"

ஊரையே கேள்வி கேட்கும் மனிதர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்து நீட்டினாள். அவர் மறுபேச்சின்றி விழுங்கினார்.

"புண்ணு ஆறினதும் சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?"

"தாராளமா ஓட்டுங்க. காலுக்குச் சரியான ஷூ, சக்கரத்துல மாட்டாத உடுப்பு, வீட்டுத் தண்ணி, ஏதாவது ஒரு துண்டு. போதும்."

அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்க எவனும் வரிசையில் நிற்பதில்லை. சைக்கிளை நன்றாக மிதியுங்கள் ஐயா, உடம்புக்கு நல்லது. உங்கள் மூளையை மட்டும் அடுத்தவன் மிதிக்கக் கொடுக்காதீர்கள்.